கரைக்கு வந்த வெளிச்சம்

வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்கள் சென்னையில் இறங்கியதும் மயிலாப்பூர் போவார்கள், தி.நகர் போவார்கள், மெரினாவில் சுண்டல் தின்றுவிட்டு ஊர் கெட்டுப்போய்விட்டது என்று வருத்தப்படுவார்கள். நான் நேராக ராயபுரம் போனேன். என் பெட்டி அந்தப் பக்கம்தான் இறங்கியிருந்தது. கோவில்பட்டியில் பிறந்து, மதுரையில் படித்து, பாரிமுனைக்கு வடக்கேயும் சென்னை உண்டு என்பதைச் சினிமாவில் மட்டுமே பார்த்திருந்த எனக்கு அது தென்னாப்பிரிக்காவைவிட வெளிநாடு.

தென்னாப்பிரிக்காவில்தான் அப்போது வேலை. வறண்ட மேட்டு நிலத்தில், மனிதர்களைவிட ஆடுகள் அதிகமுள்ள ஓர் ஊரில், வானோக்கு நிலையம் ஒன்றில் கருவிப் பொறியாளர். தமிழ்நாட்டு மலை ஒன்றின் மேலிருக்கும் தொலைநோக்கிக்காக நான்கு வருடம் உட்கார்ந்து ஒரு கேமரா செய்திருந்தேன். அது விமானத்தில் வந்திருக்க வேண்டும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் கனம் என்பதால் இரண்டையும் கப்பலில் அனுப்பினால் போதும் என்று எங்கள் நிர்வாகத்தில் ஒரு புண்ணியவான் முடிவு செய்தார். வானத்தைப் பார்க்க வேண்டிய சாமான் ஒரு மாதம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தது. அதைத் துறைமுகத்தில் விடுவித்து மலைக்கு ஏற்றிவிட்டு, கோவில்பட்டியில் அம்மா கையால் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என் திட்டம்.

திங்கட்கிழமை காலை, ராயபுரத்து விடுதியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கீழே தொலைபேசி வந்திருப்பதாகச் சொன்னார்கள். மலையிலிருந்து சாரங்கன். அங்கே இரவு முழுக்கத் தொலைநோக்கியோடு குடித்தனம் நடத்துகிறவர். எப்போதும் ஆற அமரப் பேசும் அவர், அன்று எடுத்த எடுப்பிலேயே, "வெடிச்சிருக்கு மேடம்!" என்றார்.

"எங்கே வெடித்தது? எப்போது வெடித்தது?" என்று நான் கத்தினேன். விடுதி மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து வாசல் பக்கமாக நகர்ந்துவிட்டார். பூமியில் இல்லை, வானத்தில் என்று அவரைத் திரும்ப உட்காரவைக்கச் சிறிது நேரமாயிற்று.

விஷயம் இதுதான். எங்கோ மிகத் தொலைவில் ஏதோ ஒன்று, பெரிய நட்சத்திரமாக இருக்கலாம் என்று அப்போது பலர் நினைத்தார்கள், வெடித்துச் சாகிறது. சில நொடிகளுக்குக் காமாக் கதிர்கள் பாய்கின்றன. அதைச் செயற்கைக்கோள் பிடித்துவிட்டுச் சேதி சொல்லும். அந்த இடத்தைத் தொலைநோக்கியில் பார்த்தால் சாதாரண வெளிச்சத்தில் ஒரு புள்ளி தெரியும். பின்னொளி என்பார்கள். அது மணிக்கு மணி மங்கிக்கொண்டே போகும். முதல் நாள் மளமளவென்று மங்கும், பிறகு சற்று நிதானிக்கும். சில சமயம் ஏதோ ஒரு நாள் மறுபடி வேகமெடுத்து மங்கும். அப்படி வேகமெடுத்தால் வெடிப்பு டார்ச் விளக்கைப்போல ஒரே பக்கமாகப் பாய்ந்தது என்று பொருள். எடுக்காவிட்டால் எல்லாத் திசையிலும் சிதறியது என்று பொருள். அந்தத் துறையே அப்போது கைக்குழந்தை. விடை யாருக்கும் சரியாகத் தெரியாது.

"ராத்திரி அளந்தப்போ வெளிச்ச எண் பதினெட்டரை. நாளைக்குப் பழைய கேமராவுக்கு எட்டாது," என்றார் சாரங்கன். "ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்க்கிறாங்க. அவங்களுக்குப் பகலா இருக்கிறப்போ நமக்கு ராத்திரி ஆரம்பிச்சிடும். அந்த நேரத்தில் பார்க்கறதுக்கு நம்மை விட்டா ஆளே இல்லை. ஜப்பான்ல மழை. உங்க கேமரா வியாழக்கிழமை ராத்திரிக்குள்ளே இங்கே வந்தாகணும். அதுக்கு மேலே அதுக்கும் எட்டாது."

என் கேமரா ராயபுரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, திருவொற்றியூரில் ஒரு சரக்கு யார்டில், ஆணியடித்த பெட்டிக்குள் இருந்தது. நான்கு வருடம் செய்த பொருளுக்கு முதல் வேலையே இப்படி ஒரு வேலை. வாயில் பற்பசை காய்ந்துபோனதுகூடத் தெரியாமல் நின்றேன்.

எனக்காகக் காகித வேலை பார்க்க அமர்த்தப்பட்டிருந்தவர் தேவராஜ். தண்டையார்பேட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் நான்கு பேனா, நான்கும் எழுதாது. என் அவசரத்தைக் கேட்டு அவர் அவசரப்படவில்லை. முதலில் நாஷ்டா வாங்கிக் கொடுத்தார். இட்லிக்கு வடகறி ஊற்றித் தந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் காலையில் அட்டை மாதிரி ரொட்டியைக் கடித்து நான்கு வருடம் வீணாக்கியவள், அவசரத்தை மறந்து ஆறு இட்லி சாப்பிட்டேன்.

"கஸ்டம்ஸ் ஆளுங்களாண்ட அவசரம்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம்," என்றார். "அவசரம்னா டவுட்டு வரும். நம்ம பாட்டுக்கு மெதுவா போனா சீக்கிரமா முடியும்."

மெதுவாகப் போவதில் சிரமமே இருக்கவில்லை. எண்ணூர் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒரு பக்கம் கடல், கரையில் கொட்டிய கருங்கல், மறுபக்கம் நகராத லாரிகள். நடுவில் எங்கள் ஷேர் ஆட்டோ. ஒரு லாரிக்கடியில் ஓட்டுநர் அடுப்பு மூட்டி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரைக் கடந்து போவதற்குள் குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. எங்கள் மேட்டு நிலத்தில் நூறு கிலோமீட்டருக்கு எதிரே ஒரு வண்டி வந்தால் கையாட்டுவோம். இங்கே கையாட்ட ஆரம்பித்தால் கை கழன்றுவிடும்.

அன்று முழுக்கக் காகிதம். செவ்வாய்க்கிழமை காலை சாரங்கன் சொன்ன எண் பத்தொன்பது புள்ளி எட்டு. வெளிநாட்டு நண்பர்கள் அளந்தது. பழைய கேமராவில் எதுவுமே தெரியவில்லையாம். யார்டுக்கு எதிரே லோகு என்பவர் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தில் நான் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று கேட்ட தேவராஜ் முகம் மலர்ந்தார்.

"நேத்து பதினெட்டரை, இன்னிக்கு பத்தொம்போதே முக்காலா? ஏறிகினு தானே கீது மேடம், அப்பால இன்னா கவலை?"

எண் ஏற ஏற மங்கல் என்று விளக்கினேன். பழைய காலத்துக் கணக்கு, பளிச்சென்று இருப்பது முதல் வகுப்பு, அடுத்தது இரண்டாம் வகுப்பு, அப்படியே கீழே போகும் என்றேன்.

"மார்க்கு ஏற ஏற பெயிலு," என்றார் லோகுவிடம். "இன்னா படிப்பு பார்த்தியா."

சுங்க அதிகாரி மதியம் யார்டுக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் கேமரா என்ற சொல்லை அப்படியே நம்பிவிட்டவர். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. உள்ளே இருந்தது பால்கேன் மாதிரி ஓர் அலுமினிய உருளை, முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பிளாஷ் எங்கே என்றார். இல்லை என்றேன். ஜூம்? அதுவும் இல்லை. சரி, ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள் என்று காலரைச் சரிசெய்துகொண்டு நின்றார். இதற்குள் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும், இருட்டு வேண்டும், பகலில் இயக்கினால் வெறும் வெள்ளையாகத்தான் வரும் என்றேன்.

"இத்தனை லட்சம் போட்டு வாங்கினதில் என்னை ஒரு படம் எடுக்க முடியாதா?"

"நீங்கள் ரொம்பப் பிரகாசமாக இருக்கிறீர்கள் சார்," என்றேன். அதில் மனம் குளிர்ந்தார். நாளை கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். ஆனால் இரும்புச் சட்டத்தின் காகிதத்தில் ஏதோ விட்டுப்போயிருந்தது. "கேமரா போகட்டும். சட்டத்துக்கு வெள்ளிக்கிழமை நீங்க நேரில் வந்து கையெழுத்துப் போடணும். அதுவரை ஊரை விட்டுப் போகக் கூடாது," என்றார். ஆக, கேமராவை அனுப்பிவிட்டு நான் பிணைக்கைதியாக ராயபுரத்தில் இருக்க வேண்டும். கேமராவை மலையில் இருக்கும் பழைய சட்டத்திலேயே தற்காலிகமாகப் பொருத்திவிடலாம். பொருத்துவதைப் பார்க்கத்தான் கொடுப்பினை இல்லை.

அப்போதே மணி ஒன்றாகிவிட்டது. சாரங்கன் தொலைபேசியருகே காத்திருப்பார் என்று பூத்துக்கு ஓடினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துக் கிடைத்தது. மலையிலிருந்து வேன் காலையிலேயே புறப்பட்டுவிட்டது. பின்னொளி இருபது புள்ளி நான்கு. எல்லாம் கூடிவந்தது என்று துள்ளிக்கொண்டு தேவராஜோடு யார்டுக்குள் நுழைந்தேன். உள்ளே பொரியும் கடலையும் வாழைப்பழமும் விநியோகமாகிக்கொண்டிருந்தன. ஃபோர்க்லிப்டுக்குக் கதம்ப மாலை. கிரேனின் மூக்கில் வாழைக்கன்று. கடப்பாரை, ஸ்பேனர், சுத்தியல், தள்ளுவண்டி, எடைமேடை, ஏணி என்று வரிசையாகச் சந்தனம், குங்குமம். நாளைக்கு ஆயுத பூஜை. வெளிநாட்டில் இருந்தால் முதலில் மறப்பது பஞ்சாங்கம்.

கொட்டகைக்குள் போனேன். என் பெட்டியின் மேல் போர்த்தியிருந்த பாலித்தீன் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கேமராவின் கழுத்தில் ஒரு முழம் சாமந்தி. முன்பக்கக் கண்ணாடியின் நட்டநடுவில், எட்டணா அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

அந்தக் கண்ணாடியில் என் மூச்சுக்காற்று படக் கூடாது என்று நான்கு வருடம் முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்தவள் நான்.

என்னென்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். கோவில்பட்டிப் பேச்சு முழுதும் திரும்ப வந்துவிட்டது. யார்டைப் பெருக்கும் கன்னியம்மா, கையில் குங்குமத் தட்டோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாற்பத்தைந்து வயது, திருவொற்றியூர்க் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண்.

"எல்லா மிஷினுக்கும் வெச்சேன்," என்றார். "இது மட்டும் மூளியா கெடந்துச்சு. புச்சா வந்த மிஷினாச்சே, மன்சு கேக்கல. அதான் வெச்சேன்." பிறகு சண்டைக்கு வரும் குரலே இல்லாமல், "கண்ணாடி அம்மாம் ஒசத்தின்னா அதுக்கு மூடி ஒண்ணு இருக்குமே, எங்க மேடம்?" என்று கேட்டார்.

என் கைப்பையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை அதிகாரிக்குக் காட்டக் கழற்றியவள், பையில் போட்டுக்கொண்டு தொலைபேசிக்கு ஓடியிருக்கிறேன். நேற்றிலிருந்து சீப்புக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. அதை வெளியே எடுத்தபோது யார்டே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் பொரி மெல்லுவதை நிறுத்தினால் எத்தனை அமைதி என்று அன்றுதான் தெரிந்தது.

"மன்னிச்சிடுங்க அக்கா," என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அத்த உடு. இத்த எப்படி தொடைக்கிறது, அத்த சொல்லு," என்றார் கன்னியம்மா.

பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் யார்டில் இருந்தது. விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை அவர் கொண்டுவந்தார். தேய்த்தால் கீறல் விழும் என்பதால் நனைத்து நனைத்து ஒற்றி எடுத்தேன். சந்தனம் இளகி வந்துவிட்டது. குங்குமம் போன இடத்தில் மட்டும் கடுகளவு வளையமாக ஒரு கறை நின்றுவிட்டது. எவ்வளவு ஒற்றியும் போகவில்லை. அத்தோடு பிழைத்தது என்று மூடியைப் போட்டேன்.

அடுத்து ஃபோர்க்லிப்ட். அதை எடுக்க வேண்டியவர் கூலிக்கூட்டத்து மேஸ்திரி ஏழுமலை. அறுபது வயது, எல்லோருக்கும் நைனா. அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"பூசை போட்டாச்சு. வெள்ளிக்கிழமை காலைல மறு பூசை. அது வரிக்கும் ஒண்ணியும் தொட மாட்டோம்."

வெள்ளிக்கிழமை என்றால் முடிந்தது கதை. கெஞ்சினேன். மூடநம்பிக்கை என்று வாய்வரை வந்தது. அவர் வலது கையை என் முன்னால் நீட்டினார். அதில் மூன்று விரல்கள்தான் இருந்தன.

"இதே மாதிரி ஒர்த்தர் அவசரம்னாரு. பூசை போட்ட வண்டிய நான்தான் எடுத்தேன். சங்கிலி அறுந்துச்சு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "உன் மேல தப்பு இல்ல மேடம். எனக்கு பயம்."

அதற்குமேல் எப்படிக் கெஞ்சுவது? ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கன்னியம்மா பக்கத்தில் குந்தினார்.

"இன்னாதான்மா அவசரம்? யாருக்கு இன்னா?"

சொன்னேன். ஒரு நட்சத்திரம் செத்துவிட்டது, அந்த வெளிச்சம் மங்கிக்கொண்டே போகிறது, நாளை இரவுக்குள் பார்க்காவிட்டால் பிறகு யாராலும் பார்க்க முடியாது.

"எப்ப செத்துச்சு?"

"அறுநூறு கோடி வருஷம் இருக்கும்."

தேவராஜ் தலையில் கை வைத்தார். "அறுநூறு கோடி வருசத்துக்கு மின்னாடி செத்ததுக்கா மூணு நாளா என்ன இஸ்துகினு ஓடுற? காரியம் கூட முடிஞ்சிருக்குமே மேடம்!" திங்கட்கிழமை 'ங்க' போட்டுப் பேசியவர், புதன்கிழமைக்குள் 'மேடம்' என்ற மரியாதையையும் 'நீ' என்ற உரிமையையும் ஒரே வாக்கியத்தில் கட்டப் பழகியிருந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மா சிரிக்கவில்லை. யோசித்தார்.

"அவ்ளோ தூரம் வர வரிக்கும் ஒண்ணும் ஆவல. இங்க வந்தப்புறம்தான் கெடுது. அதானே?"

"அதேதான்."

"மீனு மாதிரி," என்றார். "கடல்ல எத்தினி வருசம் வோணா சுத்தட்டும். கரைக்கு வந்துச்சா, அன்னிக்கே வித்துடணும். மொதோ மணி நேரத்துல பாதி வெலை போச்சு, அப்பால மெதுவா போவும். சாய்ங்காலம் ஆச்சுன்னா திடீர்னு கருவாட்டுக்குதான்." எழுந்து ஏழுமலையிடம் போனார். "கரைக்கு வந்த மீனு நைனா. போட்டு வெக்கக் கூடாது."

பின்னொளியைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் பேச்சு கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டார். "மீனு சரி. வண்டிய எடுக்க மாட்டேன்."

"வண்டிய யார் கேட்டா? கை ஆயுதமா நைனா? கைக்கு நான் பொட்டு வெச்சனா?"

அங்கே ஒரு வழக்காடுமன்றம் கூடியது. பொட்டு வைத்தது எல்லாம் ஓய்வில். பொட்டு வைக்காதது வேலை செய்யலாம் என்று முடிவாயிற்று. கைக்குப் பொட்டில்லை. தோளுக்கு இல்லை. கயிறு? இரும்புக் கயிறு பூசையில் இருந்தது, சணல் கயிறு மூலையில் கிடந்து தப்பித்திருந்தது. மூங்கில் கழிக்கும் பொட்டில்லை, யாரும் அதை மதிக்கவில்லை போலிருக்கிறது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஏழுமலைக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இன்னாமே கன்னி, இந்த மிஷினுக்கே பொட்டு வெச்சுட்டியே. வெள்ளிக்கிழமை வரிக்கும் இதுவும் வேலை செய்யக் கூடாதே. இவங்க நாளிக்கு ராவுக்கே ஓட்டப் போறாங்களே."

விஞ்ஞானி என்ற கௌரவத்தை மூட்டைமேல் வைத்துவிட்டு நானும் வாதத்தில் இறங்கினேன். "இது எதையும் வெட்டாது, தூக்காது, தள்ளாது. சும்மா பார்க்கும். அவ்வளவுதான்."

"பாக்குறது வேலையா?" என்று ஏழுமலை சபையைக் கேட்டார்.

"வாட்ச்மேன் கூட பாத்துகினுதான் இருக்கான். அதுவா வேலை?" என்றது ஒரு குரல். வாசலில் இருந்த வாட்ச்மேன் மிகவும் ஆட்சேபித்தார். சபை அவரைத் தள்ளுபடி செய்தது. பார்ப்பது வேலை அல்ல என்று தீர்ப்பாயிற்று. நான் வானவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று என் அப்பாவும் இதையேதான் சொன்னார்.

எட்டுப் பேர் தூக்கினார்கள். பெட்டியோடு சேர்த்து நூற்றைம்பது கிலோ. ஏழுமலை முன்னால் நடந்து, "ஐலேசா" சொல்லாமல், "மெதுவா, மெதுவா, கண்ணாடி மச்சான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். துறைமுகத்து கிரேன் கொடுத்த குலுக்கலில் நூறில் ஒரு பங்குகூட அந்தத் தோள்கள் கொடுக்கவில்லை.

வாசலில் வேன் இல்லை. லாரி வரிசையில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் மாட்டிக்கொண்டிருந்தது. தேவராஜ் மொபெட்டில் போய்க் கண்டுபிடித்துவிட்டு வந்து, அது நாளைக் காலைவரை அங்கேயேதான் இருக்கும் என்றார். கன்னியம்மா தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தார். ஒரு மீன்பாடி வண்டி வந்தது. மூன்று சக்கரம், முன்னால் திறந்த பலகை, பின்னால் என்ஜின், அது போடும் சத்தத்துக்கு அளவே இல்லை. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். ஆனால் சக்கரத்தை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிவிட்டால் வண்டி ஓடலாம், ஓடத்தான் வேண்டும் என்று அவர்கள் சாஸ்திரத்தில் தனி விதி. மூன்று பழம் நசுங்கியது.

பெட்டிமேல் நான் உட்கார்ந்தேன். பலகையில் காலையில் வந்த சங்கரா மீனின் செதில்கள் மின்னின. முன்னால் வாழைக்கன்று ஆட, இரண்டு பலூன்கள் பறக்க, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் இருந்த சந்துகளிலெல்லாம் அந்த வண்டி புகுந்து போனது. அண்டத்தின் விளிம்பைப் பார்க்கும் கேமராவும் அதைச் செய்தவளும் மீன் நாற்றத்தோடு ஊர்வலம் போனோம். லாரி ஓட்டுநர்கள் கையாட்டினார்கள். இந்த முறை நானும் ஆட்டினேன்.

வேன் நின்ற இடத்திலேயே பெட்டியை மாற்றி ஏற்றினோம். வேன் வந்த வழியே திரும்பி, மாலை நான்கு மணிக்கு மலையைப் பார்த்துக் கிளம்பியது.

வியாழக்கிழமை விடுமுறை. ராயபுரத்தில் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி. பன்னிரண்டு மணிக்கு சாரங்கன் கேமராவைப் பொருத்தும்போது நான் தொலைபேசியில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. திருவொற்றியூரில் லோகுவின் பூத்துக்குப் போய்ப் பார்த்தால் தொலைபேசிக்கும் பொட்டு.

"ஒண்ணும் பண்ண முடியாது மேடம். பூசைல கீது," என்றார் லோகு. என் முகத்தைப் பார்த்தார். "ஆனா வர போனை எடுக்கலாம். நாம பண்ணாதான் வேலை. அவங்க பண்ணா விருந்தாளி. விருந்தாளிய யாராவது வேணாம்பாங்களா?"

இந்த நான்கு நாளில் வடசென்னை சாஸ்திரங்கள் எனக்கு அத்துப்படியாகிவிட்டதால் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தேன். பூத்தின் எண் சாரங்கனிடம் இருந்தது. விருந்தாளி சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தார். எந்தத் திருகு முதலில், எந்தக் கம்பி எதில், நைட்ரஜன் எவ்வளவு மெதுவாக என்று இரண்டு மணி நேரம் சொன்னேன். நடுவில் சாரங்கன், "மேடம், பெட்டியைத் திறந்தா மீன் வாசம் வருது. கண்ணாடியில் ஒரு வளையம் வேற இருக்கு," என்றார். இருக்கட்டும் என்றேன்.

மாலையில் செய்ய ஒன்றுமில்லை. தேவராஜ் அத்தோ வாங்கித் தந்தார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அதைக் குடித்துக்கொண்டே வானத்தைப் பார்த்தேன். புகை, மேகம், மின்கம்பி. எதுவும் தெரியவில்லை. மலையில் தெளிவாக இருக்க வேண்டுமே என்று, கடவுள் நம்பிக்கை அதிகமில்லாத நான், பொட்டு வைத்த ஒரு தண்ணீர்க் குழாயைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லோகு மறு பூசை போட்டுக் கற்பூரம் காட்டினார். கற்பூரம் அணைவதற்குள் ஃபேக்ஸ் இயந்திரம் முனகியது. விஜயதசமிக்கு முதல் வேலை என்று அவருக்கு மகிழ்ச்சி. ஒரு படம் வந்தது. வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளிகளாக நட்சத்திரங்கள். கீழே சாரங்கனின் கையெழுத்து: "இருபத்தொன்று புள்ளி ஒன்பது. நேற்று முன்தினம் போன வேகத்திலேயே போயிருந்தால் இருபத்தொன்றுதான் இருக்க வேண்டும். வேகமெடுத்துவிட்டது மேடம். டார்ச் விளக்குத்தான். நம் இரவில் நம்மிடம் மட்டும்தான் இந்தப் புள்ளி இருக்கிறது."

லோகுவின் கடையிலேயே நின்று அழுதேன். அவர் பதறி, "இன்னா மேடம், யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். செத்தது ஊர்ஜிதம் என்றேன்.

தாளை எடுத்துக்கொண்டு யார்டுக்கு ஓடினேன். மறு பூசை முடிந்து ஃபோர்க்லிப்ட் உறுமிக்கொண்டிருந்தது. ஏழுமலை, தேவராஜ், எட்டுத் தோள்காரர்கள், வாட்ச்மேன், எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோருடைய விரலும் ஒரே இடத்துக்குப் போனது. படத்தின் நடுவே பளிச்சென்று ஒரு வளையம்.

"இதானா? ஷோக்கா கீதே!"

"அது நட்சத்திரம் இல்லை," என்றேன். "அது கன்னியம்மா அக்கா வைத்த பொட்டு."

அவ்வளவுதான், யார்டே ஆர்ப்பரித்தது. அறுநூறு கோடி வருடத்து வெளிச்சத்தை யாரும் தேடவில்லை. கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "அழியலியா? அய்யோ, படம் வீணாப்பூட்ச்சா?" என்றார். வீணாகவில்லை, கணக்குப்போட்டு அதைக் கழித்துவிடலாம், நட்சத்திரம் அதற்குத் தள்ளித்தான் இருக்கிறது என்றேன்.

"அது எங்க கீது?"

நகத்தின் நுனியால் காட்டினேன். மணலில் கிடக்கும் ஒரு கறுப்பு மணல். விரலை எடுத்தால் தொலைந்தது. மறுபடி காட்டினேன், மறுபடி தொலைந்தது. ஏழுமலை கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ பேஜாரு," என்றார்.

"நாளைக்கு இதுவும் இருக்காது," என்றேன்.

கன்னியம்மா பூசைத் தட்டிலிருந்து மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டார். என் நகம் இருந்த இடத்தில், இந்த முறை என்னைக் கேட்டுவிட்டு, ஒரு பொட்டு வைத்தார்.

"இப்ப தெரியும்," என்றார். "மூளியா போவ வேணாம்."

சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றிரவே கோவில்பட்டிக்கு ரயிலேறினேன். அந்த ஃபேக்ஸ் தாளைப் பத்திரமாக எடுத்துப்போய், தென்னாப்பிரிக்காவில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அந்தக் காலத்து ஃபேக்ஸ் தாள் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதில் அச்சு நிற்காது. இரண்டு வருடத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளிறின. பிறகு வளையம் போனது. சாரங்கனின் கையெழுத்தும் போனது. இப்போது அது வெறும் மஞ்சள் தாள், அதில் ஒரு மூலையில் சிவப்பாக ஒரே ஒரு பொட்டு. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். அந்த நட்சத்திரம் இருந்த இடம் என்று சொல்வேன். அது சரியாக அங்கேதான் இருந்தது.